அரசுக் கலைக் கல்லூரியில் மகளைச் சேர்க்க விண்ணப்பிக்கிறோம். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். எங்கே தொடங்குவது?

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள், பெயரில் ஓர் எழுத்து இடிக்கிறது, வீட்டில் இதுவரை யாரும் கல்லூரியில் படித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர்ச் சிக்கலுக்கு வருவதற்கு முன் கைபேசி எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022இல் என் தங்கை பிளஸ் டூ முடித்தபோது நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். அப்பா அவளை ஊரிலிருந்த ஒரு நெட் சென்டருக்கு அழைத்துப்போய் விண்ணப்பம் போட்டார். ஒருமுறைக் கடவுச்சொல் வருவதற்கு எண் கேட்டபோது, அப்பாவின் கைபேசியில் சார்ஜ் இல்லை. கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். உதவியாகத்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்ட் மாதம் கலந்தாய்வுக்கு வரச்சொல்லிக் கல்லூரியிலிருந்து வந்த குறுஞ்செய்தி அவருடைய எண்ணுக்குத்தான் போனது. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடுகிற மனிதர் அதையெல்லாம் எங்கே பார்ப்பார்? தங்கையின் தோழி அதே கல்லூரியில் சேர்ந்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை ஓடிப்போனால், அவள் தரவரிசைக்கு உரிய நாள் முடிந்துவிட்டது, அடுத்த சுற்றுக்கு வாருங்கள் என்றார்கள். அவள் ஆசைப்பட்ட வேதியியல் அதற்குள் நிரம்பிவிட்டது. இரண்டாம் சுற்றில் தாவரவியல் கிடைத்தது. மதிப்பெண் இருந்தும் இடம் போனது என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான்தான் விண்ணப்பம் போடுகிறேன்.

ஆகவே உங்கள் வீட்டில் எப்போதும் உயிரோடு இருக்கும் எண்ணைக் கொடுங்கள். சேர்க்கை முடியும்வரை அந்த சிம்மை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீரவிடாதீர்கள். மின்னஞ்சல் முகவரியும் மகளுடையதாகவே இருக்கட்டும். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். தரவரிசைப் பட்டியல் வெளியானதும் ஒருமுறை நேரிலேயே கல்லூரிக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள். எந்த நாளில் எந்தத் தரவரிசை எண்வரை அழைக்கிறார்கள் என்று அங்கே ஒட்டியிருப்பார்கள்.

இனி பெயர். ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடுவது, இனிஷியல் முன்னால் வருவது பின்னால் வருவது, ஆதாரில் இனிஷியலே இல்லாமல் போவது என்று நம் ஊர்ப் பெயர்களில் இந்தத் தொல்லை இல்லாத வீடு குறைவு. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பிறந்த தேதியும் அதன்படியே. கல்லூரியில் அசல் சான்றிதழ்களோடு ஒப்பிடும்போது அதைத்தான் அடிப்படையாக வைத்துப் பார்ப்பார்கள். ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்காகக் கையில் வந்த இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அது உதவித்தொகை வரும் நேரத்தில்தான் தலைவலியாகும். ஆனாலும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். அப்போது ஆதாரைத்தான் மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். சான்றிதழை ஆதாருக்கு ஏற்ப மாற்றக் கிளம்பினால் பள்ளி, தேர்வுத் துறை என்று மாதக்கணக்கில் அலைய நேரும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். எனவே ஆதார் மையத்தில் தட்டச்சு செய்ததும் திரையில் காட்டச் சொல்லி, இனிஷியல் உட்பட நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அதே வேளையில் கைரேகையையும் புதுப்பித்துவிடுங்கள். 15 வயதுக்குப் பிறகு அது கட்டாயம். 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை.

சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பொதுப் பிரிவில்தான் கணக்கில் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கீட்டில் இருக்கும்போது, ஒரு தாள் இல்லாமல் மீதி 31இல் மட்டும் போட்டியிடுவது பெரிய இழப்பு. பழைய அட்டைச் சான்றிதழாக இருந்தால் இ-சேவை மையத்தில் இணையவழிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கடந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும் என்பதால் இன்னும் காலம் பிடிக்கும். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். தேர்வு முடிந்த கையோடு போட்டவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குத் தருகிற முதல் பட்டதாரி சான்றிதழுக்காகப் பலர் ஓடுகிறார்கள். அதை வைத்துக் கிடைக்கும் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு உரியது. அரசுக் கலைக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. ஆகவே அது கையில் இல்லையே என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பிக்க அதிகம் செலவாகாது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். வெளியே இருநூறு முந்நூறு என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் அரசுக் கல்லூரிகளிலேயே இருக்கும் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள். உட்காரவைத்துப் பொறுமையாக நிரப்பித் தருகிறார்கள். பணம் கட்டியதும் விண்ணப்பத்தை அச்செடுத்து, வகுப்புப் பிரிவு, மதிப்பெண், பாடங்கள் மூன்றையும் சரிபாருங்கள். தவறு கண்ணில் பட்டால் கடைசி நாளுக்குள் உதவி மையத்தில் சொல்லிவிடுங்கள். தரவரிசை வந்த பிறகு வாதாடுவது கடினம்.

பாடத் தேர்வுக்கு வருகிறேன். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்த மொழிப்பாட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. மற்றவற்றுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மொத்தம், 400க்கு. எனவே உங்கள் மகளுக்கு இரண்டு வெவ்வேறு தரவரிசை எண்கள் இருக்கலாம், குழம்ப வேண்டாம். பொதுப் பட்டியலில் 400ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளை தமிழ் இலக்கியப் பட்டியலில் 20ஆவது இடத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கலந்தாய்வில் அந்த நிமிடம் எந்தப் பாடத்தில் உங்கள் பிரிவுக்கு இடம் மீதியிருக்கிறதோ அதைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்பார்கள். யோசிக்க அதிக நேரம் கிடைக்காது. முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து மூன்று நான்கு பாடங்களை வரிசைப்படுத்தி வையுங்கள். தமிழ்வழியா ஆங்கிலவழியா, காலைச் சுழற்சியா மாலைச் சுழற்சியா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். மாலை வகுப்பு முடிந்து ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது பெண் பிள்ளைக்கு முக்கியமான கேள்வி. மகளின் விருப்பத்தையே முதலில் கேளுங்கள், மூன்று ஆண்டுகள் அந்தப் பாடத்தோடு இருக்கப்போவது அவள்தான். அசல் சான்றிதழ்கள், நான்கைந்து நகல்கள், புகைப்படங்கள், கட்டணத்துக்கான பணம் எல்லாம் கையில் இருக்கட்டும். இடம் கிடைத்தால் அன்றே சேர்த்துவிடலாம்.

அரசுக் கல்லூரியில் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், முன்கூட்டியே ஒரு தனியார் கல்லூரியில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துச் சேர்த்துவிடுகிற பெற்றோர் நிறையப் பேர். பிறகு அரசுக் கல்லூரி அழைக்கும்போது, ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் சான்றிதழைத் தருவோம் என்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. சரிபார்த்ததும் அசல் சான்றிதழ்களை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு அந்தக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டோம். நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. அப்படிச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. என் தங்கைக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் மூன்று மாதம் பணம் வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் புலம்பினோம். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அதற்குத்தான் பணம் போகும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக் கொடுத்து, நாங்கள் மறந்தேபோன ஒரு கணக்கில் மூன்று மாதப் பணமும் இருந்தது. உங்கள் மகளுக்கும் பள்ளியில் அப்படி ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். அதன் பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்து வங்கிக்குப் போய், கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆதாரில் பெயரைத் திருத்திய பிறகு போனால், அங்கேயும் பெயரை ஒரே நடையில் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.