நூலுக்கு முந்திய வழிபாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடிமின்னலுக்கு அஞ்சிய ஆதிமனிதன் கடவுளைக் கற்பித்துக்கொண்டான், பூசாரிகள் அதை நூலாக்கினார்கள், அதுவே மதம். ஆகவே கடவுள் இல்லை என்று என் நண்பர் வாதிடுகிறார். வேதம் கடவுள் அருளியது, வழிபாடெல்லாம் அதிலிருந்தே தொடங்கியது என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பரும் பெரியவர்களும் எதிரெதிர் அணியில் நின்றாலும், கடவுள், நூல், மதம் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவை என்பதில் ஒத்துப்போகிறார்கள். எனக்கு உடன்பாடில்லாத இடம் அதுதான். மூன்றுக்கும் பிறப்பு வேறு, வயதும் வேறு.

துருக்கியின் தென்கிழக்கிலுள்ள கோபெக்லி தெபே மேட்டில் 1995 முதல் நடந்த அகழாய்வில், ஐந்தரை மீட்டர் வரை உயரமுள்ள கற்றூண்கள் வட்டவட்டமாக நிறுத்தப்பட்டிருப்பது வெளிப்பட்டது. அவற்றில் நரியும் பாம்பும் தேளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில தூண்களில் மனிதக் கைகளும் இடுப்புக்கச்சையும் உண்டு, முகம் மட்டும் இல்லை. ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன், பயிர்த்தொழில் வேரூன்றாத காலத்தில், வேட்டையாடி உண்ட மக்கள் இவற்றை எழுப்பத் தொடங்கினார்கள். அவர்கள் போற்றியது தெய்வத்தையா முன்னோரையா என்று கல் சொல்லாது. ஆனால் பலர் கூடிச் சடங்கு நிகழ்த்திய இடம் அது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். எழுத்து தோன்றியதோ அதற்கு ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் கழித்து, இன்றைய ஈராக்கின் தெற்கிலிருந்த சுமேரியாவில், தானியத்துக்கும் ஆட்டுக்கும் கணக்கு வைப்பதற்காக. முதலில் எழுதியவர் முனிவரல்லர், கணக்குப்பிள்ளை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அச்சமே தெய்வங்களைப் படைத்தது என்ற கருத்து பண்டை ரோமிலேயே இருந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757இல் அதை விரித்து எழுதினார். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. இஸ்ரேலின் கஃப்சே குகையில், 90,000 ஆண்டுகளுக்கும் முன்பு புதைக்கப்பட்ட ஒரு சிறுவயதினரின் எலும்புக்கூட்டின் மார்பருகே மான்கொம்பு வைக்கப்பட்டிருந்தது. அதை வைத்த கை இடிக்கு அஞ்சிய கை என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிவைத் தாங்காத கையாகவே தோன்றுகிறது. எப்படியிருந்தாலும், ஒரு நம்பிக்கை அச்சத்தில் பிறந்ததா துயரத்தில் பிறந்ததா என்பதைக் கொண்டு அது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்க முடியாது. அதற்கு வேறு வாதம் வேண்டும், அதை உங்கள் நண்பர் இன்னும் முன்வைக்கவில்லை.

இனி வேதம். எழுதாமலே அதைக் காத்தார்கள் என்பதே வியப்பு. கனபாடம் என்ற ஓதும் முறையில் முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும், பிறகு இரண்டும் தலைகீழாக, பிறகு மூன்று சொற்கள் நேராக, அவையே தலைகீழாக, மறுபடியும் நேராக என்று ஓதி, அடுத்த சொல்லுக்கு நகர்ந்து அதே முறையைத் தொடர்வார்கள். ஓரசை பிசகினாலும் உடனே பிடிபடும். இத்தனை காவலோடு காக்கப்பட்ட நூலைத்தான் வேதச் சடங்குகளின் பொருளை ஆராய்ந்த தத்துவ மரபினரான பூர்வமீமாம்சகர்கள் எவராலும் இயற்றப்படாதது என்றார்கள். எவராலும் என்றால் கடவுளாலும் அல்ல. சமணமும் பௌத்தமும் படைத்தவன் ஒருவனை ஏற்காமலே நூலும் நோன்பும் துறவுமாக நிலைபெற்றன. அவை இருக்கட்டும், வேதத்தை உயிராகப் போற்றிய மரபுக்குள்ளேயே மீமாம்சகர்களின் இப்படியொரு குரல் எழுந்தது என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

அந்த மீமாம்சகர்களில் ஒருவரான, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் குமாரிலபட்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உலகைப் படைத்தவன் நானே என்று ஒருவன் தானே வந்து சொன்னாலும் அதை நம்புவதற்கில்லை, தன் பெருமையைக் காட்ட அவன் பொய் சொல்லியிருக்கலாமே என்கிறார். வேதத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றிநின்றவர் கேட்ட இந்தக் கேள்வியை, உங்கள் நண்பரிடமும் பெரியவர்களிடமும் ஒருசேர வைத்துப் பாருங்கள்.