மரபணு இருந்தும் ஏன் எல்லாச் செல்லும் காட்டுவதில்லை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தடுப்பூசிக் கட்டுரையைப் பிளஸ் டூ படிக்கும் என் மகளோடு சேர்ந்து படித்தேன். கிருமியின் துண்டை, எதிர்ப்பாற்றலின் மற்றச் செல்களைத் தூண்டிவிடும் உதவி டி செல்லுக்கு எடுத்துக் காட்டும் வேலையைச் சில செல்கள்தான் செய்யும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே, தோல் செல் ஏன் காட்டுவதில்லை, எல்லாமே காட்டினால் பாதுகாப்பு கூடுமே என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

மகள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்தது நோயுற்ற குழந்தைகளிடமிருந்து.

துண்டை ஏந்திக் காட்டும் புரதத்துக்கு எம்எச்சி இரண்டாம் வகை என்று பெயர். அரிதாகச் சில குழந்தைகள் இது இல்லாமலே பிறக்கிறார்கள். ஒரு வயதுக்குள்ளேயே ஓயாத வயிற்றுப்போக்கு, நுரையீரல் தொற்று என்று அவதிப்படுவார்கள். புரதம் இல்லையென்றால் அதன் மரபணு கெட்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 6ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுக்கள் முழுசாகவே இருந்தன. கோளாறு வேறெங்கோ.

1993இல் ஜெனீவாவில் விக்டர் ஸ்டைம்லேயும் பெர்னார்ட் மாக்கின் குழுவினரும் அதைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புரதத்தைச் செய்ய முடியாமல் போன ஒரு பி செல் (ஆன்டிபாடி சுரக்கும் வெள்ளையணு) வகைக்குள் நல்ல செல்லின் மரபணுப் பிரதிகளைச் செலுத்தி, எது வந்ததும் புரதம் திரும்புகிறது என்று தேடினார்கள். கிடைத்தது 16ஆம் குரோமோசோமில் உள்ள சிஐஐடிஏ என்ற மரபணு.

இது உண்டாக்கும் அதே பெயருள்ள புரதம் டிஎன்ஏவைத் தானாகப் பிடிப்பதில்லை. ஆர்எஃப்எக்ஸ், கிரெப், என்எஃப்-ஒய் என்ற புரதங்கள் எம்எச்சி மரபணுவின் முன்பகுதியில் உட்காரும். இவை கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் உண்டு. பந்தியில் இலை போட்டு ஆள் உட்கார்ந்தாயிற்று, வாளியோடு பரிமாற ஒருவர் வரவேண்டும் என்கிற நிலைமைதான். சிஐஐடிஏ வந்து இவற்றின்மேல் சேர்ந்தால்தான் மரபணு வாசிக்கப்படும். நோயுற்ற குழந்தைகளில் சிலருக்கு சிஐஐடிஏ பழுது, மற்றவர்களுக்கு ஆர்எஃப்எக்ஸின் ஏதாவதொரு பாகம் பழுது.

தோல் செல்லில் வழக்கமாக சிஐஐடிஏ இல்லை, அதனால் காட்டுவதில்லை. சிஐஐடிஏ மரபணுவைத் தொடங்கிவைக்கத் தனித்தனி இடங்கள் இருக்கின்றன: திசுக்களில் காவலிருந்து கிருமியைப் பிடிக்கும் டென்ட்ரிடிக் செல்லுக்கு ஒன்று, பி செல்லுக்கு ஒன்று, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் வந்தால் திறப்பது இன்னொன்று. தொற்றின்போது டி செல்கள் அந்த இன்டர்ஃபெரானைச் சுரந்தால் தோல் செல்லும் ரத்தக்குழாய்ச் செல்லும்கூடக் காட்டத் தொடங்கும்.

சரி, எப்போதும் எல்லாமே காட்டினால்? பாதுகாப்பு கூடாது என்பதே என் பதில். புதிய டி செல் கிளம்ப, காட்டப்படும் துண்டோடு இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும். அதைத் தர முடியாத செல் வெறுமனே காட்டினால் டி செல் செயலற்றுப் போகலாம். மறுபக்கம், சொந்தப் புரதங்களே எங்கும் காட்டப்பட்டால் தன்னுடலைத் தாக்கும் வாய்ப்பும் உண்டு. தைராய்டைத் தன் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய்களில் தைராய்டு செல்கள் இந்தப் புரதத்தைக் காட்டுவதை 1980களிலேயே பார்த்தார்கள். அது காரணமா விளைவா என்ற விவாதம் தனி.

நிறுத்துவதும் ஒரு வேலைதான். எனக்கு மிகவும் பிடித்தது டென்ட்ரிடிக் செல் அதைச் செய்யும் விதம். கிருமியைச் சந்தித்து முதிர்ந்ததும் அது சிஐஐடிஏவை அணைத்துவிடுகிறது. அதே சமயம், மேற்பரப்பில் ஏற்கெனவே துண்டை ஏந்தி நிற்கும் புரதங்கள் சிதைவதையும் குறைத்துக்கொள்கிறது. அதனால் டி செல்கள் காத்திருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேரும்போது, வழியில் தட்டுப்பட்டதை அல்ல, தொற்று நடந்த இடத்தில் பிடித்ததையே காட்டும்.

அந்தக் குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. புதிய ரத்தச் செல்கள் நன்றாகவே காட்டும். ஆனால் உதவி டி செல்களை வளர்த்துத் தேர்ந்தெடுக்கும் தைமஸ் என்ற உறுப்பின் எபிதீலியச் செல்கள் குழந்தையின் சொந்தச் செல்களாகவே இருந்துவிடுகின்றன. அங்கே இன்னும் அந்தப் புரதம் இல்லை. அதனால் சிகிச்சை வெற்றி பெற்ற பிறகும் பலருக்கு உதவி டி செல்களின் எண்ணிக்கை குறைவாகவே நிற்கிறது.