காப்புரிமை வாங்கினால் கட்டாயம் காசு வருமா?

கார் சென்சாருக்குக் காப்புரிமை எடுத்துவிட்டால் கம்பெனிகள் நம்மிடம் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்புரிமை உயிரோடு இருக்கும்போது அதை யாராவது பயன்படுத்தினால்தான் அந்தப் பேச்சே.

ஏர்பேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் 1953-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வண்டி மோதினால் ஸ்பிரிங்கில் இருக்கும் எடைக்கட்டி முன்னால் பாய்ந்து வால்வைத் திறக்கும், அழுத்தக் காற்று பையை நிரப்பும், அவ்வளவுதான். யோசனை அருமை, ஆனால் கண் இமைப்பதற்குள் மோதலை உணர்ந்து பையை விரிக்க அழுத்தக் காற்று போதாது. கார் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. அன்றைய சட்டப்படி கிடைத்த 17 ஆண்டும் 1970-ல் தீர்ந்தது. 1973-ல்தான் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ என்ற காரில் ஏர்பேக் விற்பனைக்கு வந்தது. அவருக்கு ஒரு பைசா ராயல்டி இல்லை, பாவம்!

அமெரிக்கப் பொறியாளர் ஆலன் பிரீட் கதை வேறு. காந்தம் பிடித்திருக்கும் சின்ன உருண்டை மோதலில் விடுபட்டுக் குழாய்க்குள் ஓடி மின்தொடர்பைத் தரும் ஏர்பேக் சென்சார் அவருடையது, அது பிறகு லட்சக்கணக்கான கார்களில் ஏறியது.

இப்போது காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. அப்புறம், அமெரிக்காவில் இடையில் மூன்று முறை பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அதற்கு முன்பே போய்விடும். ஆகவே எந்தக் காப்புரிமையையும் நம்பும் முன் பதிவேட்டில் அதன் நிலையைப் பாருங்கள்.