அடிட்டிவ் பாட்டில் ஊற்றினால் பழைய எஞ்சின் பிழைக்குமா?

2009-ல் வாங்கிய கார்பரேட்டர் பைக். இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) எத்தனால் பாதிப்பைத் தடுக்கும் அடிட்டிவ் (சேர்ப்பு மருந்து) ஊற்றினால் போதுமா?

போதாது, ஆனால் வீணும் அல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். அரிப்புத் தடுப்பான் கலந்த அடிட்டிவ், டேங்க் துருவையும் ஃப்ளோட் சேம்பரில் (கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம்) பூக்கும் வெள்ளைப் பொடியையும் குறைக்கும். பிரிந்துபோனதைத் திரும்பச் சேர்க்க அதனால் முடியாது. சந்தேகமா? பெட்ரோல் டியூபைக் கழற்றி, கால் லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு நின்றால் டேங்கையும் சேம்பரையும் முழுக்க வடித்துவிடுங்கள்.

அதைவிட அவசரம் ரப்பர். டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகுவது விளையாட்டல்ல. சேம்பர் கேஸ்கெட், சேம்பருக்கு வரும் பெட்ரோலை மூடித் திறக்கும் நீடிலின் முனை இரண்டையும் கூடவே பாருங்கள். வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, சேம்பரின் அடி ஸ்குருவைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் அடைப்பது பெரும்பாலும் அங்கே தேங்கிக் காயும் பெட்ரோலால்தான்.

கார் எஞ்சினுக்கான ஆயில் டிரீட்மென்ட்டை பைக்கில் ஊற்றலாமா?

வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் மருந்து கிளட்சையும் வழுக்க வைக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் மூழ்கும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று போட்ட ஆயிலே போதும்.

1980-களின் பெட்ரோல் அம்பாசிடர். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு சந்து) அடிக்கடி குறைகிறது. அடிட்டிவ் உதவுமா?

உங்கள் வண்டியில் அடிட்டிவுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம், எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்த வால்வு சீட்டுக்கு (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) கவசமாக இருந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. கவசம் போனதும் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் சீட்டை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. வால்வு இறங்கினால் இடைவெளி குறையும். அடியோடு இடைவெளி போய்விட்டால் வால்வு மூடாமல் விளிம்பு எரிந்துவிடும். ஈயத்துக்கு மாற்றான வால்வு சீட் அடிட்டிவை, டப்பாவில் சொன்ன அளவில், ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் சேர்த்தால் தேய்மானம் மெதுவாகும். இறங்கிய சீட் மேலே வராது. ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் இன்சர்ட் (தனி உலோக வளையம்) அடிப்பதுதான் நிரந்தர வழி. அதன்பின் அடிட்டிவே வேண்டாம்.

சைலன்சரில் நீலப் புகை. ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்து ஊற்றலாமா?

முதலில் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை மட்டும் வந்து நின்றால் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல் சந்தேகப்படலாம். சீல் ரப்பர் இறுகியிருந்தால், அதை இளக்கும் சீல் கண்டிஷனர் சில நேரம் பலன் தரும். கிழிந்திருந்தால் தராது. வண்டி இழுக்கும்போதெல்லாம் புகைந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள். ஒரு சிறு ஸ்பூன் ஆயிலை பிளக் துளை வழியே விட்டு மறுபடி அளந்தால் எண் நன்றாக ஏறுகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. தேய்ந்த இரும்பைப் பாட்டில் வளர்க்காது. கெட்டி மருந்து புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் மேலே ஏறுவதையும் தாமதப்படுத்தும். விற்பதற்கு முன் சிலர் இதைத்தான் ஊற்றுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் கார், 1.5 லட்சம் கிலோமீட்டர். எஞ்சின் ஃப்ளஷ் (ஆயிலில் மருந்து கலந்து உள்ளே கழுவுவது) செய்யலாமா?

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை மட்டும் என்றால் ஃப்ளஷ் தேவையே இல்லை. தார் போலக் கட்டியாக அப்பியிருந்தால் ஃப்ளஷ் ஆபத்து: பெயர்ந்த கட்டி ஆயில் பம்ப் சல்லடையை அடைத்து, பேரிங்குக்கு ஆயில் போகாமல் செய்துவிடும். நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, 1,500 கிலோமீட்டரில் இரண்டையும் மாற்றுங்கள். இப்படி மூன்று முறை. அழுக்கு மெல்லக் கரைந்து வெளியேறும். இடையில் ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள்.