ஏ.எம்.வி. (அனிமே காட்சிகளைப் பாட்டோடு இணைக்கும் வீடியோ) கேள்வி – பதில்: டைம்லைனுக்குப் போகும் முன்

கேள்வி: ப்ளூ-ரே வட்டிலிருந்து எடுத்த அனிமேயை எச்.264 எம்.பி.4 ஆக என்கோட் செய்து எடிட்டிங் மென்பொருளில் போட்டேன். முன்னும் பின்னும் நகர்த்தினாலே திணறுகிறது. வெட்டிய இடத்தில் அடுத்த காட்சியின் ஒரு ஃபிரேம் எட்டிப் பார்க்கிறது. என் கணினி போதவில்லையா?

பதில்: கணினியை மாற்ற வேண்டாம், கோப்பை மாற்றுங்கள். எச்.264 சுருக்க முறையில் முழுப் படமாகப் பதிவாவது கீஃபிரேம் மட்டும்தான். மற்ற ஃபிரேம்களில் இருப்பது, அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு. ப்ளூ-ரே வட்டில் கீஃபிரேம் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வரும். எச்.264 என்கோட் செய்யும் எக்ஸ்264 மென்பொருளை இயல்பு அமைப்பிலேயே விட்டால் 250 ஃபிரேம் வரை, அதாவது பத்து நொடிக்கு மேல், அடுத்த கீஃபிரேம் வராமல் போகலாம். நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்ட மென்பொருள் முந்தைய கீஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அதில் இடறும்போதுதான் தப்பான ஃபிரேம் தெரிகிறது. போதாததற்கு, அந்த என்கோடில் தரமும் ஒரு படி போய்விட்டது.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக வைக்கும் கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) வேண்டும். யூ.டி. வீடியோ இலவசம், தரம் துளியும் குறையாது. டாவின்சி ரிசால்வ் எடிட்டரில் வேலை செய்பவர்களுக்கு டி.என்.எக்ஸ்.எச்.ஆர். அல்லது ப்ரோரெஸ் கோடெக் வசதி. ஆனால் கோப்பு பெருத்துவிடும்: 1080 வரியில் ப்ரோரெஸ் 422 நொடிக்குச் சுமார் 117 மெகாபிட் எடுக்கும், 24 நிமிட எபிசோட் ஒன்று 21 ஜி.பி. வரை வரும். எனவே முழு எபிசோடையும் மாற்றாதீர்கள். வேண்டிய காட்சிகளை மட்டும், இரு முனையிலும் 24 ஃபிரேம் கூடுதலாக விட்டு, மூல வட்டுக் கோப்பிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: பழைய என்.டி.எஸ்.சி. (அமெரிக்க, ஜப்பானிய டி.வி. முறை) டி.வி.டி.யில் வேகமான காட்சிகளில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். டீஇன்டர்லேஸ் (வரிக் கலப்பை நீக்குவது) செய்தால் கோடு போகிறது, ஆனால் கேமரா நகரும் இடங்களில் படம் குதிக்கிறது. ஏன்?

பதில்: தவறான மருந்து கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான அனிமே நொடிக்கு 24 (டி.வி.யில் துல்லியமாக 23.976) ஃபிரேமாக உருவாகிறது. டி.வி.டி.க்கு 29.97 வேண்டும் என்பதால், 4 ஃபிரேமை ஒரு வரி விட்டு ஒரு வரி கொண்ட அரைப் படங்களாக, அதாவது ஃபீல்டுகளாக, பிரித்து 2, 3, 2, 3 என்று அடுக்கி 5 ஃபிரேம் ஆக்குவார்கள். இதுதான் டெலிசினி. அந்த ஐந்தில் மூன்று சுத்தமாக இருக்கும், இரண்டில் இரு வேறு ஃபிரேம்களின் ஃபீல்டுகள் கலந்திருக்கும். டீஇன்டர்லேஸர் கலந்த வரிகளை அழித்து இட்டு நிரப்பும். மிகையாக வந்த ஐந்தாவது ஃபிரேமை நீக்காது. குதிப்பு அதனால்தான்.

செய்ய வேண்டியது இன்வர்ஸ் டெலிசினி, அதாவது அந்த அடுக்கலைத் திருப்புவது. அவிசின்த் என்ற ஸ்கிரிப்ட் மென்பொருளில் டி.ஐ.வி.டி.சி. தொகுப்பின் டி.எஃப்.எம். முதலில் ஃபீல்டுகளைச் சரியான ஜோடியாகச் சேர்க்கும். அடுத்து டி.டெசிமேட் ஐந்துக்கு ஒன்றை நீக்கி 23.976-க்குக் கொண்டுவரும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற வீடியோ மாற்றுக் கருவியில் இதே வேலைக்கு ஃபீல்ட்மேட்ச், டெசிமேட் என்ற இரு ஃபில்டர்கள் உள்ளன. வரிசை மாறக் கூடாது. இதற்கு முன்னால் அளவை மாற்றினீர்களானால் ஃபீல்டு வரிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும், பிறகு எதுவும் மீட்காது. இன்வர்ஸ் டெலிசினி, பிறகு இரைச்சல் நீக்கம், பிறகு ஓரக் கறுப்பு வெட்டு, கடைசியாக அளவு மாற்றம்.

சோதிக்கும்போது கேமரா நகரும் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். பாத்திரங்களின் அசைவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அனிமேயில் ஒரே வரைபடம் இரண்டு மூன்று ஃபிரேம் நிற்பது இயல்பு. பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் சீராக நகர்ந்தால் வேலை முடிந்தது. பெயர்ப் பட்டியல் மட்டும் 29.97-இல் மேலே ஒட்டப்பட்டிருக்கலாம், அங்கே கோடு மிஞ்சும். அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே நல்லது. இரு படங்கள் மங்கலாக ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் அது ஃபீல்டு கலந்து தயாரான வட்டு. நேரத்தை வீணாக்காமல் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

டைம்லைனையும் 23.976-இல் அமையுங்கள். எடிட்டர் வேகாஸ் என்றால் ஒவ்வொரு கிளிப்பிலும் ரீசாம்பிளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தானே ஃபிரேம்களைக் கலந்துவிடும்.

கேள்வி: டி.வி.டி. காட்சியை எச்.டி. டைம்லைனில் வைத்தால் முகங்கள் அகலமாகவும், நிறம் சற்று வேறாகவும் தெரிகின்றன.

பதில்: டி.வி.டி.யின் 720×480 பிக்சல்கள் சதுரமல்ல. 4:3 படத்தை 1440×1080 ஆகவும், 16:9 படத்தை 1920×1080 ஆகவும் விரியுங்கள். நிறத்துக்குக் காரணம், டி.வி.டி. பி.டி.601 வண்ண முறையிலும் எச்.டி. பி.டி.709 வண்ண முறையிலும் இருப்பது. அளவு மாற்றும்போதே இதையும் மாற்றாவிட்டால் சிவப்பும் பச்சையும்தான் முதலில் பிசகும்.

கேள்வி: திரையில் பதிந்த வசன எழுத்தை அகற்ற முடியுமா?

பதில்: சுத்தமாக முடியாது. படத்தைப் பெரிதாக்கி எழுத்தைக் கீழே தள்ளலாம், கூர்மை குறையும். தொடக்க, முடிவுப் பாடல் காட்சிகள் வேண்டுமானால் வட்டின் கூடுதல் பகுதியைப் பாருங்கள். பெயர்கள் இல்லாத பதிப்பு பல வட்டுகளில் உண்டு.

கேள்வி: இறுதி என்கோடில் இரவு வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. பிட்ரேட்டை ஏற்றியும் போகவில்லை.

பதில்: பட்டை எங்கே பிறந்தது என்று முதலில் பாருங்கள். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிதான். இருண்ட வானம் அதில் சில படிகளையே பயன்படுத்தும். மூலப் படத்தின் மெல்லிய மணல்தன்மை அந்தப் படிகளை மறைத்துக்கொண்டிருந்தது. இரைச்சல் நீக்கி அதைத் துடைத்துவிட்டால் பட்டை வெளியே வரும், அதன் பிறகு எத்தனை பிட்ரேட் கொடுத்தும் பயனில்லை. நீக்கத்தைக் குறையுங்கள். பட்டையை மென்மையாக்கும் டீபேண்ட் ஃபில்டர் போட்டபின் லேசாக கிரெயின் (மணல்தன்மை) சேருங்கள்.

எடிட்டிங் மென்பொருளிலிருந்து யூ.டி. வீடியோவாக வெளியே எடுத்து, எக்ஸ்264-இல் ஒரே ஒரு முறை என்கோட் செய்யுங்கள்: சி.ஆர்.எஃப். (தர எண், குறைந்தால் தரம் கூடும்) 16, ப்ரீசெட் (வேக அமைப்பு) ஸ்லோ. சி.ஆர்.எஃப். எண் 6 குறைந்தால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எக்ஸ்264-இன் அனிமேஷன் ட்யூன் (அனிமேஷனுக்கான முன்னமைப்பு), ஏ.க்யூ. (படத்தின் பகுதிகளுக்கிடையே பிட்டைப் பங்கிடும் அமைப்பு) வலிமையை 0.6 ஆகக் குறைத்துவிடும். தட்டையான வண்ணத்துக்கு அது நல்லது, இருண்ட வானத்துக்கு ஆகாது. இருள் மிகுந்த வீடியோவுக்கு அந்த ட்யூனை விட்டுவிட்டு ஏ.க்யூ. முறை 3 கொடுங்கள், அது இருண்ட பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். வண்ண வடிவம் 4:2:0 (நிறத்தைக் குறைந்த விவரத்தோடு வைப்பது), 8 பிட் இருக்கட்டும். நிறத்தை முழு விவரத்தோடு வைக்கும் 4:4:4 கொடுத்தால் பல கருவிகளில் ஓடாது. பாட்டுக்கு எம்.பி.3 வேண்டாம், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் வைத்து எடிட் செய்து, கடைசியில் 320 கிலோபிட் ஏ.ஏ.சி. ஆக்குங்கள். இணையத்தில் ஏற்றும்போது தளம் மறுபடி என்கோட் செய்யும். ஆகவே அங்கே போகும் கோப்புக்கு சி.ஆர்.எஃப். 12 கூடக் கொடுக்கலாம்.