வகுப்பறையும் அகழாய்வுக் குழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொல்லியலில் முதுகலை முடிக்கவிருக்கிறேன். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைக்கும்போலத் தெரிகிறது. பாடம் நடத்தப் போனவர்கள் ஆய்வுக்குத் திரும்புவதில்லை என்று மூத்த மாணவர்கள் எச்சரிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

ஒரு மாணவர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தொல்லியலாளர் எச். டி. சங்காலியாவை நினைத்துக்கொண்டேன். மும்பையில் 1908-ல் பிறந்து, நாளந்தாவைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, அங்கிருந்த நாட்களில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கிலாந்தின் மெய்டன் காசிலில் நடத்திய அகழாய்விலும் பயின்று திரும்பிய அவர், 1939-ல் புனேயின் டெக்கான் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1973-ல் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். குஜராத்தின் லாங்நஜ், பிரவரா ஆற்றங்கரையின் நேவாசா, நர்மதைக் கரையின் நவ்தாதோலி ஆகிய அகழாய்வுகளெல்லாம் அந்த ஆசிரியப் பணிக்காலத்தில் நடந்தவை.

இவற்றோடு இனாம்காவ் அகழாய்வையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரில் 1968-ல் தொடங்கிய அகழாய்வு, அவர் ஓய்வுபெற்ற பின்னும் 1983 வரை தொடர்ந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் குடிகளின் வீடுகள் நூற்றுக்கும் மேல் அங்கே வெளிப்பட்டன. இறந்த குழந்தைகளை வாயோடு வாய் பொருத்திய இரு தாழிகளுக்குள் வைத்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பெரியவர்களைப் புதைக்கும்போது பாதங்களை வெட்டியிருக்கிறார்கள். இறந்தவர் எழுந்து போய்விடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என் மனம் அந்தத் தாழிகளை விட்டு எளிதில் அகல்வதில்லை.

எலும்பு, தானியம், பானை ஓடு, வீட்டின் தரை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்தறிய வேண்டிய இத்தகைய இடத்தை ஒருவர் மட்டும் ஆய்ந்து முடிக்க ஓர் ஆயுள் போதாது என்பதால், மாணவர்களைப் பயிற்றுவிப்பதும் ஆய்வின் ஒரு பகுதியே ஆகிறது. சங்காலியாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்த வி. என். மிஸ்ரா, பின்னர் ராஜஸ்தானின் பாகோரில் நுண்கற்கருவிக் கால மக்களின் வாழிடத்தை அகழ்ந்தார்.

உங்கள் நண்பர்களின் அச்சம் பொய்யன்று. பாடவேளைகளும் விடைத்தாள்களும் ஆண்டுகளை விழுங்கிவிடும். ஆனால் அகழாய்வுக்குத்தான் அரசின் உரிமம் வேண்டும். ஓர் ஆற்றங்கரையை மாணவர்களோடு நடந்து, தரையில் கிடப்பவற்றை எடுக்காமல் இடம், மண், அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் மேற்பரப்பாய்வை முதல் விடுமுறையிலேயே தொடங்கலாம். பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த ஆற்றைத் தேர்ந்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.