பி.ஆர்க். சீட்டை விட்டுவிட்டு கெமிஸ்ட்ரியா?

வணக்கம் அம்மா. பி.ஆர்க். (கட்டடக்கலை) சீட் கிடைத்தும் மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இதே வாக்குவாதம் ஜெர்மனியில் ஒரு வீட்டில் நடந்திருக்கிறது.

ஆகஸ்ட் கெக்குலே 1847-ல் கீசன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போனார். அங்கே பேராசிரியர் லீபிக்கின் வேதியியல் வகுப்பைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. வீட்டில் உடனே சம்மதிக்கவில்லை. நன்றாக யோசி என்று சொல்லி, அரை வருடம் டார்ம்ஸ்டாட்டில் படிக்க வைத்தார்கள். அப்புறமும் அவர் கெமிஸ்ட்ரிதான் என்றார். பென்சீன் என்ற வேதிப்பொருளில் ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்திருக்கின்றன என்று 1865-ல் சொன்னவர் அவர்தான். உங்கள் மகள் பள்ளியில் வரைந்த அந்த அறுகோணம் அவருடையது.

நான் அதிகம் யோசிப்பது லீபிக்கைப் பற்றி. 21 வயதில் கீசனுக்குப் பேராசிரியராகப் போனவர். மாணவர்கள் தங்கள் கையாலேயே சோதனை செய்து பழகும் ஆய்வகத்தை அங்கே வளர்த்தெடுத்தார். 1831-ல் அவர் செய்த கருவி, ஐந்து குமிழ்கள் உள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஒரு பொருளை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடை அது பிடித்துக்கொள்ளும். எரிப்பதற்கு முன்பும் பின்பும் குழாயை எடை போட்டால், பொருளில் கார்பன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கைதேர்ந்தவர்கள் மட்டும் செய்த வேலையை மாணவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள்.

லீபிக்கிடம் கெக்குலே படித்தார், கெக்குலேயிடம் அடால்ஃப் ஃபான் பையர், பையரிடம் எமில் ஃபிஷர். ஃபிஷருக்கு 1902-லும் பையருக்கு 1905-லும் நோபல் பரிசு. ஃபிஷரின் அப்பாவும் மகனை வியாபாரத்துக்குத்தான் இழுத்துப் பார்த்தார்.

அதனால் பாடத்தின் பெயரைவிடக் கல்லூரியின் லேபைப் பாருங்கள் அம்மா. முதல் வருடத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் டைட்ரேஷன் மாதிரி சோதனைகளைத் தானே செய்கிறாளா, இல்லை நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? ஆசிரியர்களில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்டா? இதை அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், உண்மை தெரியும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க மனதளவில் தயாராகுங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது, இரண்டாம் வருடத்திலிருந்தே அவள் அதற்குப் படிக்கட்டும். பி.ஆர்க். சீட்டை ரத்து செய்யும் முன், இந்த வாரமே அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரி லேபுகளைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.